எடைக்கு எடை

ஜூன் 3, ஞாயிறு

"அண்ணி, நீங்க லாரி ஓட்டறீங்களா, இல்ல லாரி ஓட்டற மாதிரி வேஷம் போடறீங்களா?"

மதியச் சாப்பாட்டு மேசையில், பன்றி வறுவலுக்கும் புளித்த கோஸுக்கும் நடுவே லைல் கேட்ட கேள்வி இது. கணவரின் தம்பி. நாற்பது வருடமாகப் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறவன். பெரிய லாரி லைசென்ஸைப் பர்ஸில் அல்ல, நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறவன்.

என்னிடம் இருப்பது ஒரு பிக்கப் வண்டி, பின்னால் நாற்பதடி டிரெய்லர், சாதாரண லைசென்ஸ். பண்ணைக்காரனுக்கு அவசரமாக ஒரு பம்பு வேண்டுமென்றால் பெரிய லாரி அதற்காக வராது. நான் வருவேன். இந்தத் தொழிலுக்கு ஹாட்ஷாட் என்று பேர். முப்பத்தெட்டு வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்குச் சூடான பேர்தான்.

வேஷம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பந்தயம் கட்டிவிட்டேன். மாவட்டச் சந்தை என்கிற கோடைத் திருவிழா திறக்கும் நாளுக்குள் ரோந்துக் காவலர் என் மேல் ஒரே ஒரு குற்றச்சீட்டு எழுதினாலும் டிரெய்லரை லைலுக்கு விற்றுவிட வேண்டும். (அவனுக்கு அதன் மேல் ரொம்ப நாளாகக் கண்.) எழுதாவிட்டால், சந்தையில் அவன் முங்குத் தொட்டியில் உட்கார வேண்டும். ஊர் ஜனம் பந்தெறியும். பந்து குறியில் பட்டால் பலகை விலகி ஆள் தண்ணீரில் விழுவான்.

என் கணவர் டெல்மர் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டார். நாற்பது வருடமாக இவர் இப்படித்தான் நியாயம் தீர்க்கிறார்.

பந்தயம் முட்டாள்தனமோ? பள்ளிக்கூட பஸ் திரும்புகிற முக்கு வரைதான் என் உலகம் என்று இருந்தேன். அதற்கு அப்பால் சாலை எங்கே போகிறது என்று அறுபத்திரண்டு வயதில்தான் பார்த்தேன். அதைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, திங்கள்

கணக்கை ஒருமுறை எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்குத் திருப்தி.

பிக்கப் தாங்கும் எடை பன்னிரண்டாயிரம் பவுண்டு என்று அதன் தகட்டில் இருக்கிறது. டிரெய்லர் தகட்டில் பதினாலாயிரம். கூட்டினால் இருபத்தாறாயிரம். அதற்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் லைல் வைத்திருக்கும் லைசென்ஸ் வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிக்கப் உண்மையில் எட்டாயிரத்து முந்நூறுதான். அது செல்லாது. தகட்டு எடை, உண்மை எடை, இரண்டில் எது பெரிதோ அதைத்தான் சட்டம் கூட்டும். மதிப்பெண் அட்டையில் எழுதுவோமே, 'திறமை உண்டு, காட்டுவதில்லை' என்று! சட்டம் என் பிக்கப்பை அப்படித்தான் பார்க்கிறது. காட்டாத திறமைக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறது. ஆக டிரெய்லர் பதினாலாயிரத்தைத் தாண்டக் கூடாது. டிரெய்லரின் சொந்த எடை ஆறாயிரத்து நூறு. மிச்சம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்தான் என் பிழைப்பு.

இன்று ஸூபெக் பண்ணையில் தீவனம் கலக்கும் எந்திரம் ஏற்றப் போனேன். ஏழாயிரத்து ஐநூறுதான் என்றார். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே முழங்கால் உயரத்துக்குப் போன வருடத் தீவனம் கல்லாக இறுகிக் கிடக்கிறது.

"அது எந்திரத்தோட எடை, டீச்சர். தீவனத்தை யாரு எடை போடுவா?"

"ஒருத்தர் போடுவாரு, ஸூபெக். தொப்பி போட்டுக்கிட்டு ரோட்டோரம் நிப்பாரு."

மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் வெட்டினார். நான் நிழலில் உட்கார்ந்து டெல்மர் கட்டிக் கொடுத்த சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் சினமன் ரோலும் சாப்பிட்டேன். வகுப்பில் தண்டனைக்கு நிறுத்திய நாட்கள் ஞாபகம் வந்தது. அப்போதும் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

ஜூன் 12

லைல் என் பிக்கப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைச் சரிபார்த்துக் கொடுக்கிறானாம். திடீரென்று என்ன பாசம்?

ஜூன் 21, வியாழன்

நாளை காலை ஒன்பதுக்கு பர்வெல் சாலை வழியாகப் போகிறேன். பாசன பம்பும் குழாயும் சேர்ந்து ஏழாயிரத்து எண்ணூறு. நூறு பவுண்டுதான் இடைவெளி. கொஞ்சம் பயம்.

ஜூன் 22, வெள்ளி

பர்வெல் சாலையில் ரோந்துக் காவலர் நிறுத்தினார். சட்டைப் பெயர்ப்பட்டையில் அக்சமிட். முப்பது வயதிருக்கும். இந்தப் பக்கத்தில் என்னிடம் படிக்காத ஆள் கிடைப்பதே அரிது. இவர் வெளியூர். பெருக்கல் வாய்ப்பாட்டை ஞாபகப்படுத்தி மிரட்ட வழியில்லை.

டிரெய்லரைக் கழற்றி நிறுத்தச் சொல்லி, எடைப் பலகைகளை அடியில் வைத்து, பொறுமையாகக் கூட்டினார். பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. வாய்விட்டுக் கூட்டினார், அடுத்த இலக்கத்துக்கு ஏறும் எண்ணை விரலில் பிடித்துக்கொண்டார். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் கணக்கு டீச்சர்தான் என்று சொல்லி வைத்தேன். குற்றம் ஏதும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது, காலையில் ஒரு போன் வந்தது என்றார். இன்ன சாலை, இன்ன நேரம், ஒரு வயசான பெண்மணி அதிகக் கனத்தோடு வருவார் என்று. பேசியவர் பேர் சொல்லவில்லை, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாராம்.

வயசான பெண்மணியா?

ஜூன் 23

நேற்று முன்தினப் பக்கத்துக்கு நடுவில் ஒரு சூரியகாந்தி விதைத் தோல் கிடக்கிறது.

நான் விதை தின்பதில்லை. டெல்மருக்குப் பல்செட்டு. ஓயாமல் சூரியகாந்தி விதை மெல்லுகிற வாய் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான். இந்த நோட்டு இருப்பது பிக்கப்பின் டேஷ்போர்டுப் பெட்டியில்.

சரி.

ஜூன் 25, திங்கள்

நாளை எட்டரை மணிக்கு ஓர்ட் சாலை. சுமை ஒன்பதாயிரம் பவுண்டு! தப்புதான், தெரிகிறது. ஆனால் கூலி நன்றாக இருக்கிறதே. யாருக்கும் தெரியாமல் போய்விட வேண்டும். கடவுளே, என்னைக் காப்பாற்று.

ஜூன் 26, செவ்வாய்

நேற்று எழுதியது பச்சைப் பொய். எழுதும்போது சிரிப்பை அடக்க முடியாமல் பேனா இரண்டு இடத்தில் வழுக்கியது.

எட்டரைக்கு ஓர்ட் சாலையில் போனேன். நாற்பதடி டிரெய்லரில் எங்கள் சமையலறை நாற்காலி ஒன்றே ஒன்று, ஆறு பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அக்சமிட் காத்திருந்தார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றி வந்து பட்டைகளைக்கூட எண்ணினார்.

"டீச்சர், இதுவா ஒன்பதாயிரம் பவுண்டு?"

"ஓக் மரம். கொஞ்சம் கனம்தான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு மைல் தள்ளி இருந்தவர் இதற்காக வந்தாராம். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கொழுந்தனைப் பிடிக்கப் போட்ட தூண்டிலில் வேலை பார்க்கிற மனுஷன் மாட்டிக்கொண்டாரே. நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மென்றுகொண்டு பேசுகிற குரல் இனிமேல் கூப்பிட்டால் போகப் போவதில்லை என்றார். கூடவே ஒன்று சொன்னார்.

"ஆனா நானா நிறுத்தறப்ப கனம் இருந்துச்சுன்னா எழுதிடுவேன். அப்ப வருத்தப்படக் கூடாது."

வருத்தப்பட மாட்டேன் என்றேன். நோட்டு இனிமேல் என் கைப்பையில்.

ஜூலை 9

லைல் இரண்டு வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை ஓக் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஜூலை 25, புதன்

சந்தை சனிக்கிழமை திறக்கிறது. நம் ஊர் முங்குத் தொட்டி விரிசல் விட்டுவிட்டதால் பக்கத்து மாவட்டத்திலிருந்து இரவல் வாங்கியிருக்கிறார்கள். அதையும் மேடைப் பலகைகளையும் கொண்டுவரும் வேலை எனக்கு. லைலைக் குளிப்பாட்டப் போகிற தொட்டியை நானே சுமக்கிறேன்!

சாயங்காலம் தானியக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். டிரெய்லரும் சுமையும் தார்ப்பாயும் சேர்ந்து பதின்மூன்றாயிரத்து எண்ணூற்று அறுபது. நூற்று நாற்பது மிச்சம். பலகைகளை முன்பே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். தொட்டியின் கம்பி துருத்திக்கொண்டிருந்ததால் தார்ப்பாய் அதுவரை எட்டவில்லை. தண்ணீர்த் தொட்டிதானே, நனைந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

வண்டி இன்றைக்கு நம் வீட்டு முற்றத்தில். நாளை விடிந்ததும் சந்தைத் திடலுக்கு.

ஜூலை 26, வியாழன்

சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரவு நல்ல மழை. விடிந்ததும் டெல்மர் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். பன்னிரண்டு மைல் போனதும் போன். வேலியில் மாட்டியிருக்கும் மழைமானியைப் பார்த்துவிட்டார்.

"ரெண்டு அங்குலமும் பத்துல ஒரு பங்கும். சோளத்துக்குத் தங்கம்டி."

தங்கம்தான் என்று சொல்லி வைத்தேன். வைத்த அடுத்த நொடி கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

தொட்டி. திறந்த தொட்டி.

ஓரமாக நிறுத்திவிட்டு இந்த நோட்டின் பின்பக்கத்தில் போட்டேன். தொட்டி நாலுக்கு ஐந்து, இருபது சதுர அடி. மழை இரண்டு புள்ளி ஒன்று அங்குலம். மூன்றரை கன அடித் தண்ணீர். கன அடிக்கு அறுபத்திரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். இருநூற்றுப் பதினெட்டு. என்னிடம் இருந்த இடைவெளி நூற்று நாற்பது. எழுபத்தெட்டு பவுண்டு அதிகம்!

எல்லாவற்றையும் எடை போட்டேனே, வானத்தை விட்டுவிட்டேனே. ஸூபெக்கை மண்வெட்டி பிடிக்க வைத்தவள் நான்.

தொட்டியின் அடைப்பானைத் திறக்கப் போனால் கைப்பிடி இல்லை. பிள்ளைகள் திறந்துவிடுவார்கள் என்று சந்தைக்காரர்கள் அதைத் தனியே கழற்றி வைப்பது வழக்கமாம். வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றினேன். சில்லி கொண்டுவந்த ஃபிளாஸ்கை ரோட்டோரத்தில் நீலமாகப் பூத்திருந்த ஒரு கார்ன்ஃபிளவர் செடிக்குத் தானமாகக் கவிழ்த்தேன். தொட்டிக்குள் இறங்கி மொண்டு மொண்டு ஊற்றினேன். ஃபிளாஸ்க் ஒன்றுக்கு இரண்டு பவுண்டு. முப்பத்தொன்பது போதும், ஐம்பது ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

நாற்பத்து மூன்றாவதில் பின்னால் ஒரு கார் வந்து நின்றது.

அக்சமிட். யாரும் கூப்பிடவில்லை. அவராகவே வந்த நாள்.

நெடுஞ்சாலையோரம், டிரெய்லர் மேல், தொட்டிக்குள், வெறுங்காலோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன பண்றீங்க, டீச்சர்?"

"மழையை இறக்கறேன்."

நான் மீதி ஏழையும் ஊற்றி முடித்தேன். பாதியில் நிறுத்தினால் கணக்கு மறந்துவிடும்.

அவர் எடைப் பலகைகளை எடுத்து வந்தார். "முதல்ல நீங்க இறங்குங்க. உங்களையும் சேர்த்து எடை போட்டா அது எனக்கும் சங்கடம்."

பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

அவர் எழுத ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் விடைத்தாளில் தப்பாக ஒரு மதிப்பெண் கூடப் போட்டிருந்தால் தானாக எழுந்து வந்து சொல்லுகிற பிள்ளைகளை முப்பத்தெட்டு வருடம் மெச்சியிருக்கிறேன். பத்து நிமிஷத்துக்கு முன்னால் எழுபத்தெட்டு பவுண்டு அதிகம் இருந்தது, பன்னிரண்டு மைல் அப்படியே ஓட்டி வந்தேன் என்று சொல்லிவிட்டேன். டிரெய்லர் லைலின் முற்றத்தில் நிற்பது கண்ணுக்கு முன் வந்து போனது.

அவர் ஈரமாகக் கிடந்த புல்லைப் பார்த்தார். பிறகு என்னிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, நான் போட்ட கணக்கைப் படித்தார். ஒவ்வொரு வரியையும் மறுபடி போட்டுப் பார்த்தார்.

"கணக்கு சரி. ஆனா நான் எடை போட்ட நேரத்துக்குத்தான் என்னால எழுத முடியும். புல்லு மேல கிடக்கறதுக்கு எழுத முடியாது."

குற்றம் ஏதும் இல்லை. இரண்டாவது சீட்டு.

ஜூலை 28, சனி

சந்தை. லைல் புது நீலச் சட்டை போட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான். வரிசையில் எனக்கு முன்னால் ஸூபெக். அவருக்கு முன்னால் டெல்மர்! நியாயம் தீர்த்துவிட்டார்.

என் முதல் பந்து கூடாரத்துக்கு மேலே போனது. இரண்டாவது ஒரு ஆட்டின் மேல் பட்டது. "அண்ணி, தகட்டுல போட்டிருக்கற திறமை வேற, நெசத் திறமை வேற போல" என்றான் லைல். தகட்டைப் பற்றி நான் அவனிடம் பேசியதே இல்லை. அது ஜூன் 11-ம் தேதிப் பக்கம். கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறான்.

மூன்றாவது பந்து குறியில் பட்டது.

விழுந்தவன் தண்ணீரைத் துப்பிக்கொண்டே எழுந்து, முதலில் கேட்டது என்ன தெரியுமா? அண்ணன் சொன்னாரே, நிஜமாகவே ஐம்பது ஃபிளாஸ்க் மொண்டு ஊற்றினீர்களா என்று. ஆமாம் என்றேன். அப்புறம் வேஷம் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 31, செவ்வாய்

மேலே இருந்த வெற்றிடத்தில் பென்சிலில், கோணல் எழுத்தில், என்னுடையது அல்லாத ஒரு வரி:

'வியாழன். நார்ஃபோக். டிராக்டர் உதிரி பாகம். என் கம்பெனி பெரிய லாரியை அனுப்பாது, உங்க பேரைக் கொடுத்திருக்கேன். 7,880. நானே எடை போட்டேன்.'

பக்கத்தில் விதைத் தோல் இரண்டு.

லைல், உன் எண்ணில் தார்ப்பாயைச் சேர்க்கவில்லை. அது நாற்பது பவுண்டு, நனைந்தால் இன்னும் கூட. திரும்பக் கூட்டிப் பார்.