பக்கத்தில் நின்ற குரல்

9 ஜனவரி 2024, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பத்து மணி வரைக்கும் மூன்று லோரிதான் வந்தது. செம்பனைக் குலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவருகிறார்கள், அதையும் சேர்த்து நிறுத்துத் தொலைக்கிறேன். ஆனால் இந்த எடைமேடைக் கூண்டை விட்டால் தோட்டத்தில் கைப்பேசிக்கு வேறு எங்கும் லைன் கிடையாது. என் வீட்டில் சுத்தமாக இல்லை.

ஏஞ்சலா ஒரு ஓபரா அனுப்பியிருந்தாள். காசநோய்க்காரி ஒருத்தி கட்டிலில் கிடந்தபடி பத்து நிமிடம் பாடுகிறாள். முழுத் தொண்டையில். ஒரு இருமல் இல்லை. பழ லோரி ஓட்டும் ஷங்கர் சன்னலில் தலையை நீட்டி, அந்தம்மாவை யார் அடிக்கிறார்கள் என்று கேட்டான். அடிக்கவில்லை, சாகிறாள் என்றேன். சாகிறவளுக்கு இவ்வளவு சத்தமா என்று சிரித்துக்கொண்டே எடைச்சீட்டை வாங்கிப் போனான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஒருநாள் அவள் அனுப்ப வேண்டும், மறுநாள் நான். ஏஞ்சலா சிரம்பான் பக்கம் ரஹாங்கில் இருக்கும் மகன் பிரெண்டன் வீட்டுக்குப் போன இந்த இரண்டு வருடமாக அப்படித்தான். பார்த்துவிட்டுச் சும்மா கட்டைவிரல் போடக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். சொன்னேன்: கடைசியில் மேலே போகிற இடத்தில் அவள் தான் சாகிறோம் என்பதையே மறந்துவிட்டாள் என்று. ஏஞ்சலாவின் பதில் குரலாக வந்தது. "அவளுக்குச் சாவுற நேரத்துலயும் மூச்சு இருக்குலா. எனக்குக் குளிச்சிட்டு வர்றதுக்கே இல்ல."

பின்னால் ஆக்சிஜன் மெஷின் சத்தம். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

12 ஜனவரி, வெள்ளி

எங்கோ பனி நாட்டில் ஆண்கள் மட்டும் பாடும் கூட்டுப்பாடல். அறுபது பேர், ஒருவன் மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. அனுப்பினேன். அவளுடைய தீர்ப்பு: எல்லாருக்கும் ஒரே பார்பர்.

21 ஜனவரி, ஞாயிறு

மாதப் பூசை. தோட்டத்து மாதா கோயிலில் பதினோரு பேர். முடிந்ததும் பஸ் பிடித்து ரஹாங் போனேன்.

இளைத்துவிட்டாள். மூக்கில் குழாய். பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறதாம், திரும்ப விரியாதாம். பிரெண்டன் தேநீர் கலக்க உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் அடக்கத்துல மாஸ்டர் பாட்டப் பாடணும் கொரெட்டி. நீதான் பாடணும். வேற யாரு இருக்கா?"

வேறு யாரும் இல்லைதான். கோயில் பாடகர் குழுவை நடத்திய எட்மண்ட் மாஸ்டர் அந்த இலத்தீன் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து எங்கள் எட்டுப் பேருக்குப் பழக்கினார். தோட்டத்தில் யார் இறந்தாலும் அதைத்தான் பாடுவோம். மாஸ்டருக்கும் பாடினோம். மற்ற ஆறு பேரில் சிலர் சிங்கப்பூரில், சிலர் கல்லறையில். அதே பாட்டை வெளிநாட்டில் எண்பது பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு பாடுவதைப் போன வருடம் ஏஞ்சலாதான் கண்டுபிடித்தாள். அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த வாயால் சொன்னேனோ.

24 ஜனவரி, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டு தெரியாது.

எங்களுக்குப் பதினேழு வயதிருக்கும்போது மாஸ்டர் இருவரையும் ஆளுக்கு ஒரு வரி பாடச் சொன்னார். "ஏஞ்சலா ஃபர்ஸ்ட். கொரெட்டி செகண்ட்." அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருடமாக நான் செகண்ட். முதல் குரல்தான் பாட்டு. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது அதைத்தான். இரண்டாம் குரல் அதற்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். தனியாகப் பாடினால் அது என்ன பாட்டென்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. பூசை முடிந்தால் எல்லாரும் ஏஞ்சலாவின் கையைத்தான் பிடிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகங்களை அடுக்குவேன்.

இன்று இரண்டு லோரிக்கு நடுவே முயன்று பார்த்தேன். மூன்று சொல் சரியாக வருகிறது. நாலாவது சொல்லில் வாய் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. மறுபடி, மறுபடி. அவள் குரல் என் காதில் இருக்கிறது, தொண்டையில் இல்லை. அவளிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? சாகப்போகிறவள் கேட்ட ஒரே ஒரு காரியம்.

30 ஜனவரி, செவ்வாய்

தேடப் போய் ஒன்று கிடைத்தது. பாடகர் குழுக்கள் பழகுவதற்காக ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடிப் போட்டிருக்கிறார்கள். மாஸ்டர் பாட்டும் இருக்கிறது. இரண்டாம் குரலைத் தட்டினேன். முகம் தெரியாத ஒரு பெண், என் பாட்டை மட்டும், முதலிலிருந்து முடிவு வரை பாடினாள். ஒரு சுரம் பிசகவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகத்தில் இதை இன்னொருத்தியும் பாடுகிறாள்!

இன்று என் முறை. அதைத்தான் அனுப்பினேன். இதுதான் நான் பாடுவது, உன் பாட்டு எனக்கு வராது ஏஞ்சி, என்று கீழே எழுதினேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

31 ஜனவரி, புதன்

காலையில் குரல்பதிவு வந்தது.

"கேட்டேன் கொரெட்டி. இதையா இத்தன வருஷமா பாடிக்கிட்டு இருந்த? ஒரே எடத்துல நின்னுக்கிட்டு இருக்கே. பக்கத்துல நின்னும் நான் கேட்டதே இல்ல பாரேன். பாவம்டி நீ."

பாவமாம். நான் பாவமாம். முப்பத்தொன்பது வருடம் இவள் காலுக்கடியில் கல்லாகக் கிடந்திருக்கிறேன், இவளுக்குக் கேட்கவே இல்லையாம். இவள் ஏறும்போதெல்லாம் நான்தானே இறங்கினேன்? இவள் மூச்சு வாங்கும் இடத்தில் நான்தானே விடாமல் பிடித்தேன்? எனக்கு இவளுடைய ஒவ்வொரு மூச்சும் மனப்பாடம். என்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா?

நான் பதில் போடவில்லை.

2 பிப்ரவரி, வெள்ளி

அவளிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக 2 என்று நிற்கிறது. திறக்கவில்லை. இருக்கட்டும்.

6 பிப்ரவரி, செவ்வாய்

இன்னும் 2 தான். அவளும் நிறுத்திவிட்டாள். நல்லது.

10 பிப்ரவரி, சனி

சீனப் பெருநாள். எண்ணெய் ஆலை மூன்று நாள் மூடல், லோரி கிடையாது, கூண்டுக்குப் போக வேலையில்லை. ரஹாங்குக்குப் போய்வந்திருக்கலாம். சேலையைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு அந்தப் "பாவம்டி நீ" காதில் கேட்டது. சேலையை மடித்து வைத்துவிட்டு, இல்லாத அழுக்கையெல்லாம் தேடித் துணி துவைத்தேன்.

12 பிப்ரவரி, திங்கள்

மனசு கேட்கவில்லை. மாலை நாலு மணிக்கு எடைமேடைக்கு நடந்தேன், ஏதாவது ஒன்று அனுப்பிச் சண்டையை முடித்துவிடலாமென்று. லைன் வந்ததும் கைப்பேசி நிற்காமல் அதிர்ந்தது. பிரெண்டன் ஏழு முறை அழைத்திருக்கிறான்.

காலை பதினொன்றரைக்குப் போய்விட்டாள்.

14 பிப்ரவரி, புதன்

அடக்கம். இன்றே விபூதிப் புதனும். வந்தவர்கள் நெற்றியிலெல்லாம் சாம்பல்.

சிரம்பான் கோயிலில் பூசைக்கு முன் ஃபாதரிடம் கெஞ்சினேன். அந்த எண்பது பேர் பாடும் வீடியோவை ஸ்பீக்கரில் போட்டால் முதல் குரலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் கூடவே பாடிவிடுவேன் என்று. ஃபாதர் மெதுவாகத்தான் சொன்னார்: "பூசையில ரெக்கார்டு கூடாதும்மா. உயிரோட இருக்கிற குரல்தான் வேணும்."

எழுந்து நின்றேன். முதல் மூன்று சொல் அவள் பாட்டு. நாலாவது சொல்லில் இறங்கிவிட்டேன். நிறுத்த முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. கடைசி வரைக்கும் என் பாட்டையே பாடினேன். மேலே யாருமில்லாமல், ஒரே இடத்தில் நின்றுகொண்டு. முன்வரிசைப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிரெண்டனின் மனைவி ஷாமினி அவன் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது.

கல்லறையில் ஒரு அம்மா, பாட்டு மறந்துபோனாலும் பாட வந்தீர்களே என்று என் தோளைத் தட்டினார்.

15 பிப்ரவரி, வியாழன்

கேட்ட ஒரு காரியத்தையும் கெடுத்தேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

மாதப் பூசை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை.

24 பிப்ரவரி, சனி

பிரெண்டன் வந்தான். தோட்டத்துச் செம்மண் பாதையில் அவன் காரைப் பார்த்ததுமே வாசலுக்கு வந்துவிட்டேன். பாட்டைக் கெடுத்ததற்குக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து, அவன் உட்காருவதற்குள் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான்.

"ஆன்ட்டி, நீங்க அன்னிக்குப் பாடினீங்களே, அதத்தான் அம்மா கடைசி ரெண்டு வாரமும் பாடிக்கிட்டே இருந்தாங்க. நாங்க அவங்களுக்குச் சுதி போயிருச்சுன்னு நெனச்சோம். பாட்டெல்லாம் மறந்துட்டாங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். கோயில்ல நீங்க பாடவும்தான் ஷாமினி சொன்னா, அம்மா பாட்டு இதுதாங்கன்னு."

டாக்டரிடம் காட்டுவதற்காக அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறான். அதை என் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். தேநீர் அப்படியே இருந்தது. நான் குடிக்கச் சொல்லவே இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

ரெண்டு வாரம். நான் வீம்பு பிடித்துக் கிடந்த அதே ரெண்டு வாரம்.

1 மார்ச், வெள்ளி

ஒரு வாரம் அதைத் தொட தைரியமில்லை. இன்று மதியம் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் அந்தப் பச்சை 2-ஐத் திறந்தேன். ஒன்று வீடியோ: அதே பாட்டு, பழகுவதற்காக, முதல் குரல் மட்டும். இரண்டாவது அவள் தட்டியது. "இதப் படி. ஒன்னோடத நான் படிச்சிக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான். இதைத்தான் அவள் உயிரோடு இருந்த பத்து நாளும் திறக்காமல் வைத்திருந்தேன். கொரெட்டி, நீயெல்லாம் ஒரு மனுஷியா?

பிறகு பிரெண்டன் கொடுத்த பதிவு. மெஷின் சத்தம், அதற்குள் அவள் குரல். மேலே ஏற மூச்சில்லாத குரல், கீழே என் இடத்தில் நிற்கிறது. முதல் வரி சரி. இரண்டாவது வரியில் பாதியில் மூச்சு வாங்கினாள், நான் ஒருநாளும் அங்கே வாங்க மாட்டேன். மூன்றாவது வரியில் பழக்கதோஷத்தில் மேலே போனாள். போய், நிறுத்தி, "சீ, இல்ல... இங்க அவ எறங்குவா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, திரும்பப் பாடினாள். இறங்கினாள். சரியாக இறங்கினாள். அதோடு பதிவு முடிந்துவிட்டது.

கேட்டுவிட்டாள். என்னைக் கேட்டுவிட்டாள்.

அழுது முடிக்கும்வரை ஷங்கர் லோரி வெளியே நின்றது. ஒரு முறைகூட ஹார்ன் அடிக்கவில்லை.

5 மார்ச், செவ்வாய்

மறுபடி அந்தப் பதிவைப் போட்டேன். அவள் என் குரலில் கீழே நின்றாள். நான் வாயைத் திறந்தேன். நாலாவது சொல்லில் இறங்கவில்லை. அதுதான் கீழே ஆள் இருக்கிறதே.

17 மார்ச், ஞாயிறு

மாதப் பூசை. ஒன்பது பேர். நற்கருணைக்குப் பிறகு ஏஞ்சலாவுக்காக மாஸ்டர் பாட்டு.

முதல் குரல் நான் பாடினேன். இரண்டாம் குரலுக்கு ஆள் இல்லை.