மூன்று வாரம் லென்ஸைத் தொடக் கூடாது

27.6.87 சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடல் காற்று நாலு மணிக்கு மேல்தான். அம்மாவும் நானும் கண் டாக்டரிடம். சென்னையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வந்து பார்க்கிற பெண் டாக்டர். டோக்கன் 19. ஒன்றரை மணி நேரம் பெஞ்சில்.

டாக்டர் சொன்னவை, மறக்காமல் இருக்க:

– இரண்டு கண்ணும் மைனஸ் ஐந்து. கூடவில்லை.

– ஆறு வருஷமாக லென்ஸ் போட்டுப் போட்டுக் கண் வறண்டு கிடக்கிறது. இனி ஒத்துக்கொள்ளாது.

– ஆபரேஷன் செய்யலாம். கருவிழியில் வைரக் கத்தியால் எட்டுக் கீறல், சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி. கண்ணாடி தேவைப்படாமல் போகலாம், கொஞ்சம் தேவைப்படவும் செய்யலாம். உத்தரவாதம் கிடையாது.

– நான் போடுவது கெட்டி லென்ஸ். அது கருவிழியை அமுக்கி வடிவத்தையே மாற்றி வைத்திருக்கிறதாம். மூன்று வாரம் தொடக் கூடாது. கண் தன் பழைய வடிவத்துக்கு வந்த பிறகு அளவு எடுப்பார். அந்த அளவை வைத்துத்தான் எவ்வளவு ஆழம் கீறுவது என்ற கணக்கு. அளவு தப்பினால் கீறலும் தப்பு. கீறியதை அழிக்க முடியாது.

18.7 அளவு. 22.7 சென்னையில் ஆபரேஷன்.

பத்திரிகையில் லேசர் என்று படித்தேனே என்று கேட்டேன். அதெல்லாம் வெளிநாட்டில் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, இங்கே வர வருஷக்கணக்கில் ஆகும் என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம், "எம் பொண்ணுக்கு லேசர் வைக்கப் போறாங்க." நான் திருத்தினேன். "கத்தின்னு சொன்னா யாரு பொண்ணு எடுப்பாங்க? கம்முனு இரு." முத்தியால்பேட்டையில் இறங்கும் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன் நான்.

எனக்கும் ஆசைதான். இங்கேயாவது பொய் எழுத வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் 'சோடாபுட்டி'. காலையில் கண்ணைத் திறந்ததும் சுவர்க் கடிகாரம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

29.6.87 திங்கள்

ஆறு வருஷத்துக்குப் பிறகு ஆபீசுக்குக் கண்ணாடியோடு. லாஸ்பேட்டை வரை சைக்கிளில் ஒரு தூசு கூடக் கண்ணில் விழவில்லை. மறந்தே போயிருந்தேன் இந்த சுகத்தை.

கேட்ட கேள்விகள்: பிரின்சிபால் அறையில் இருந்து வந்த ஹெட்கிளார்க், புதுசா வந்த டைப்பிஸ்டா என்றார். பியூன், ஒடம்பு சரியில்லையா என்றார். பக்கத்து மேசை ஜோதி மட்டும், "நல்லாத்தான்டி இருக்கு, யாருக்காக இவ்ளோ நாளு அந்தக் கண்ணாடித் துண்ட கண்ணுல சொருவிக்கிட்டிருந்த?" ஸ்டென்சில் மூன்று அடித்தேன். பிழை இல்லை.

5.7.87 ஞாயிறு

ரிப்பன் வாங்க வேண்டும். செருப்பு தைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும்.

தரகர் வந்தார். பிரான்சு மாப்பிள்ளை ஒன்று மூன்று மாதமாகப் பேச்சில் இருக்கிறது. அவர் அப்பா ரிட்டயர்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி. பையனுக்குப் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. அம்மாவுக்கு அந்த நேஷனாலிட்டி என்ற சொல்லே கழுத்து நிறையப் போட்ட நகை மாதிரி. மாப்பிள்ளை ஆவணியில்தான் வருவதாக இருந்தது. இப்போது லீவு முன்னாலேயே கிடைத்து 10-ஆம் தேதி வருகிறார். 17-ஆம் தேதி ஆடி பிறந்துவிடும். ஆடியில் பெண் பார்க்க வர மாட்டார்கள். ஆகவே 12-ஆம் தேதி ஞாயிறு.

அவர்களுக்கு நான் கண்ணாடிக்காரி என்று தெரியாது. கொடுத்த போட்டோவில் கண்ணாடி இல்லை.

அம்மா: "ஒரு மணி நேரம் லென்ஸ மாட்டிக்க. என்னா கொறைஞ்சிடப் போவுது?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மூன்று வாரம் என்றால் ஆறு நாள் முன்பு போட்டாலும் கணக்கு கெட்டதுதான் என்றேன். அம்மாவுக்குக் கணக்கு வேறு. அதுக்குள்ள பதினைந்து நாள் இருந்திருப்பாயே, அது வீணா போயிடுமா என்கிறாள். அப்பா மில் வேலையில் இருந்த காலத்தில் யூனியன் கூட்டத்தில் பேசுவாராம். வீட்டில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

8.7.87 புதன்

லென்ஸும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், வெறும் கண்ணோடு வந்து நிற்கிறேன் என்று நானே சொன்னேன். ஒத்திகை நடந்தது. அம்மா நாற்காலியில் மாப்பிள்ளை. நான் காபித் தட்டோடு. டம்ளரை எடுத்து முக்காலி என்று நினைத்து காற்றில் வைத்தேன். காபி அம்மா புடவையில். அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை.

லென்ஸ் டப்பாவை அம்மா பீரோவில் இருந்து எடுத்து முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் வைத்திருக்கிறாள்.

12.7.87 ஞாயிறு

போட்டேன். எழுதவே கை கூசுகிறது. போட்டேன்.

நாலு மணி என்றவர்கள் ஐந்தரைக்கு வந்தார்கள். எட்டு வரை இருந்தார்கள். நான் மூன்றிலிருந்து போட்டிருந்தேன். ஒரு மணி நேரமாம்.

வந்தவர்கள்: அவர், அவர் அப்பா, அக்கா. அவருக்கு அம்மா இல்லை. அக்காதான் எல்லாம். அந்தம்மா ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் காலண்டர்ல நாளைக்கு ராகுகாலம் என்னா போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சு சொல்லும்மா" என்றாள். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும். என் கண்ணைச் சோதிக்கிறாள். அதோடு விடாமல் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரை படித்தேன். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் நான் முதல் வகுப்பு வாங்கியபோது கூட அப்படி மலரவில்லை.

அவர் நல்ல மாதிரிதான். கத்திப் பேசவில்லை. அங்கே குளிர் அதிகம், பழகிவிடும் என்றார். டைப் அடிக்கத் தெரியும் என்றால் பிரெஞ்சு டைப்ரைட்டரில் எழுத்து வரிசை வேறு மாதிரி இருக்கும், கற்றுக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் கோபம் இன்னும் அதிகம்.

கழற்றும்போது இடது கண் ரத்தமாகச் சிவப்பு.

14.7.87 செவ்வாய்

அரை நாள் லீவு. சம்மதம், ஆவணியில் கல்யாணம் என்று நேற்றே அவர்கள் ஆள் வந்து சொல்லிவிட்டார். இன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். கடற்கரை நினைவுச் சின்னத்தில் மாப்பிள்ளையின் அப்பா மெடல் குத்திக்கொண்டு நிற்பார், எல்லாரும் வாங்க என்று அழைப்பு. மறுபடி லென்ஸ். மறுபடி "ஒரு மணி நேரம்". நான் சண்டை போட்டேன். அம்மா அழுதாள். அம்மா அழுதால் நான் தோற்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

காற்று என்றால் காற்று. உப்பும் மணலும் கண்ணுக்குள். பேண்டு வாத்தியம் அவர்கள் தேசிய கீதத்தை ஆரம்பித்த நேரத்தில் இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். அக்காக்காரி என் தோளை அணைத்துக்கொண்டாள். பாட்டுக்குக் கண் கலங்குகிறாள், நம்ம வீட்டுக்கு ஏத்த பொண்ணு என்று அவர் அப்பாவிடம் சொன்னாளாம். அம்மா வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தாள். எனக்கு அறைந்து விடலாம் போல இருந்தது. அம்மாவை அல்ல. யாரை என்று தெரியவில்லை.

தெரு முழுக்க லேசர் செய்தி பரவிவிட்டது. மளிகைக் கடையில் லேசர் என்றால் டார்ச் லைட்டா என்று கேட்டார்கள்.

18.7.87 சனி

புழுக்கம். ஆடி பிறந்தாயிற்று.

அளவு எடுத்தார்கள். மோவாயை வைத்து, நெற்றியை ஒட்டி, ஒரு வெளிச்ச வளையத்தைப் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் எண்களை எழுதிக்கொண்டே, "மூணு வாரமா லென்ஸ் போடலையே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "தொடவே இல்லைங்க டாக்டர்."

நான் சும்மா இருந்தேன். அம்மா மேல் பழி போட்டு எழுத எவ்வளவோ வரும். ஆனால் சும்மா இருந்தது நான்தான். இருபத்தாறு வயது. சம்பளம் வாங்குகிறவள். வாய் இருக்கிறது.

22.7.87 புதன்

காலை ஐந்து மணி பஸ். சென்னை. அம்மா மடியில் குங்குமப் பொட்டலம். திண்டிவனம் தாண்டும் வரை எட்டுக் கோடுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பான ஆழம் வரை கீறி, பிறகு வாழ்நாள் முழுக்க விளக்கைச் சுற்றி வளையம் தெரிய, ஒரு பிரெஞ்சு ஊரில் உட்கார்ந்திருப்பேன்.

பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். தலைமுடிக்குத் தொப்பி. நர்ஸ் சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

டாக்டர் வந்தார். "பன்னண்டாம் தேதி அஞ்சு மணி நேரம் போட்டேன். பதினாலாம் தேதி மூணு மணி நேரம். அம்மா சொன்னது பொய். நான் சும்மா இருந்ததும் பொய்." சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அளவெடுக்கிற இயந்திரத்துக்கு அழைத்துப்போய் மறுபடி அளந்தார். சனிக்கிழமை எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே தாளில் எழுதி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டும் வேறு வேறு. நாளைக்கு இன்னும் மாறும், ஒரு எண்ணில் வந்து நிற்கிற வரை கத்தி வைக்க மாட்டேன் என்றார். மறுபடி முதலிலிருந்து மூன்று வாரம்.

அம்மா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இப்ப வந்த நம்பருதான புதுசு? அதுக்கே கீறிடுங்க டாக்டர். ஆவணியில கல்யாணம்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நான்கு மணி நேரம், ஒரே சீட்டில், நடுவில் குங்குமப் பொட்டலம். வீட்டில் அப்பா மட்டும், "கண்ணு நல்லா இருக்குல்ல?" என்றார். அதை 5-ஆம் தேதி கேட்டிருக்க வேண்டும் அப்பா.

24.7.87 வெள்ளி

கண்ணாடியோடு டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன், பியூன் வந்து யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னான். வாசலில் அவர். பிரெஞ்சு கான்சுலேட்டில் கல்யாண அறிவிப்பு ஒட்ட என் பிறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம், வீட்டில் கேட்டால் ஆபீசில் இருக்கும் என்றார்களாம். என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். போட்டபடியே போய் நின்றேன்.

என் கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடி போடுவீங்களா?"

ஒன்பது வயதிலிருந்து என்றேன். காலண்டர், கடற்கரை, சென்னை, எல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கவும் செய்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அங்க பாதிப் பேரு போட்டிருக்காங்க. அக்காவுக்குத் தெரிஞ்சாதான் ரகளை. ஆபரேஷன் முடியற வரைக்கும் நீங்க லென்ஸையே போட்டு சமாளிச்சிடுங்க."

எவ்வளவு மெதுவாக, எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அம்மா சொன்னதையேதான் சொன்னார்.

"உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வந்தா கண்ணாடியோடதான் வருவேன். ஆபரேஷன் எப்பன்னு நான் பாத்துக்கறேன்."

சான்றிதழ் நகலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மடித்துப் பையில் வைத்தார். யோசிக்கிறேன் என்றார். ஜோதி எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிவரப் போனாள்.

28.7.87 செவ்வாய்

மதியம் ஒரு தூறல். சைக்கிள் செயின் கழன்றது, லாஸ்பேட்டை மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தேன். கண்ணாடி நனைந்து துடைத்துத் துடைத்துப் போட்டேன்.

நாலு நாளாகிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் வைக்கிறாள்.

வராவிட்டால் போகட்டும் என்று மேலே எழுதி அடித்திருக்கிறேன். வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். அதை நினைத்தால்தான் என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.