குழலுக்குள் வெளிச்சம்

14 ஜூலை 1968

மழை இல்லை. இன்று நைனா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நாங்கள் பார்க்காததுபோல் பார்த்தோம்.

சாப்பிட்டு எழுந்ததும் சொன்னார்: "பரந்தாமா, துப்பாக்கிய உன் பேருக்கு மாத்திடலாம்னு கீறேன். இந்த வருசம் பாரிவேட்டைக்கு நீதான் சுடணும்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

15 ஜூலை

மண்ணூர்பேட்டைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே நினைப்பு. கம்பெனியில் டைப் அடித்த கடிதத்தில் இரண்டு பிழை.

ஒற்றைக்குழல். நடுவில் மடக்கித் திறக்க வேண்டும். தாத்தா வாங்கியது. யாரிடம் வாங்கினார் என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். முன்பு காட்டுப்பன்றி வந்ததாம். இப்போது எங்கள் திருமழிசையில் பன்றி வந்த பக்கத்தில் கம்பெனி ஷெட் வருகிறது. துப்பாக்கிக்கு மிச்சம் இருப்பது வருஷத்தில் ஒரே ஒரு குண்டு. விஜயதசமியன்று பாரிவேட்டைக்கு அம்மன் ஏரிக்கரைக்கு வருவாள். எங்கள் வீட்டுத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்த பிறகுதான் பூசாரி வன்னி மரத்தில் அம்பு விடுவார்.

துப்பாக்கி பிடிக்காது என்பதல்ல. பிடித்தவன்போல் நிற்கவேண்டும் என்பதுதான்.

தத்துவத்தில் எம்.ஏ. இதற்கு ஒரு பதிலும் இல்லை.

21 ஜூலை

ஞாயிறு. ஆவடிப் பக்கம் சேக்காட்டிலிருந்து தாட்சாயிணி அக்கா வந்தாள். வந்ததும் வழக்கம்போல் துப்பாக்கியை இறக்கித் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்க உட்கார்ந்தாள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவள் வேலை அது. நான் புத்தகத்தோடு இருப்பேன்.

செய்தியைச் சொன்னேன். துணி நின்றது.

"எனக்குக் குடுத்தா இன்னா நைனா?"

"நீ எடுத்துகினு ஆவடிக்குப் பூடுவ. அது இந்த ஊட்டு சாமான்."

"நானும் இந்த ஊட்டு சாமான்தான். அனுப்பிட்டீங்களே."

நைனா வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

ஆனந்தன் சித்தப்பா சிரித்து மழுப்பினார். "ஆம்பள புள்ள கல்லு மாரி கீறப்ப நீ இன்னாம்மா இப்டி பேசற? தம்பி எம்.ஏ. வேற."

"எம்.ஏ.வுக்கு எந்தப் பக்கம் குண்டு வருதுன்னு தெரியுமா, கேளு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

9 ஆகஸ்ட்

லைசென்ஸ் விசாரணை. பூந்தமல்லி ஸ்டேஷன்.

"எதுக்கு சார் துப்பாக்கி?"

"பயிர்ப் பாதுகாப்பு."

"எந்த மிருகம் வருது?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "எலி," என்றேன்.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எலிக்கா? பூனை வளக்கறதுதானே சார்."

வெளியே வந்து நைனாவிடம் எல்லாம் நன்றாகப் போனது என்றேன்.

2 செப்டம்பர்

வேண்டாம் என்று சொல்ல இன்று மூன்று தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து லேசாக நகர்ந்து இடம் கொடுத்தார், உட்காரச் சொல்லி. உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

ஆயுத பூஜை

கை நடுங்குகிறது என்று நைனா இந்த வருடம் பூஜையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டார். சித்தப்பாவுக்கு எதிலும் தாராளம். அரிவாள், கடப்பாரை, என் டைப்ரைட்டிங் பரிசுக் கோப்பை வரை எல்லாவற்றுக்கும் சந்தனம். துப்பாக்கி வாசலை நோக்கிச் சாத்தியிருந்தது. குழல் வாயில் எலுமிச்சை அளவு சந்தனம் வைத்து அழுத்தி, நடுவில் ஒரு சாமந்திப்பூவைக் காம்போடு செருகினார்.

அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நாளைக்குப் புள்ள சுடப்போறான்," என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு நாகவல்லிக்குக் கேட்கவேண்டும் என்று.

விஜயதசமி

இன்னும் காதில் கேட்கிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

அம்மன் கரைக்கு வந்துவிட்டாள். வேம்புலி மேளம் அடிக்கிறார். ஊரே நிற்கிறது. லைசென்ஸ் இன்னும் நைனா பெயரில் என்பதால் அவர் என் தோளை ஒட்டி நின்றார். தோட்டா அவர் கைக்குள். சித்தப்பா பூவை எடுத்து என் காதில் வைத்தார், துப்பாக்கியை ஒரு துடை துடைத்துத் தந்தார். பளபளவென்று இருந்தது.

அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, தொற."

"இன்னா?"

"தொறடா. உள்ள பாத்தியா?"

மடக்கித் திறந்தேன். கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தேன். நைனா ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் செய்வார். சிறுவயதில் அதைக் கும்பிடுவது என்று நினைத்திருந்தேன்.

வானம் இல்லை. ஒன்றும் இல்லை. இருட்டு.

மேலே இருந்த சந்தனத்தைத்தான் சித்தப்பா துடைத்திருக்கிறார். உள்ளே அழுத்தியது ஒரு ராத்திரியில் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. இப்படியே சுட்டிருந்தால்— குழல் கிழிந்திருக்கும். என் முகம். பக்கத்தில் அவர் முகம்.

அக்கா திரும்பி வேம்புலியின் கையிலிருந்து மேளக்குச்சியைப் பிடுங்கினாள். மேளம் நின்றது. குச்சியால் குடைந்தாள். மஞ்சள் கட்டிகள் விழுந்தன, ஒரு காம்பும். சித்தப்பாவின் தோளிலிருந்த ஜரிகைத் துண்டை உருவி நுனியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தாள். "ஐயோ, புதுத்துண்டும்மா," என்றார் அவர், பாவம்.

பிறகு என் கண்ணில் வைத்தாள். குழலின் கடைசியில் வட்டமாக வானம்.

"இந்தா. சுடு."

நான் வாங்கவில்லை. "நீயே சுடுக்கா. எனக்கு வேண்டாம் நைனா. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டேன். ஏரிக்கரையில், ஊருக்கு முன்னால், காதில் சாமந்தியோடு.

"பொம்பள சுட்டா அம்மன் ஏத்துக்குவாளா?" என்று யாரோ கேட்டார்கள்.

குச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த வேம்புலி சொன்னார்: "இன்னா அண்ணாத்தே, சப்பரத்துல குந்திகினு கீறது ஆம்பளயா?"

சிரிப்பு. நைனா மட்டும் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த சந்தனத்தைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் மூடியிருந்த கையை நீட்டினார். எங்கள் இருவருக்கும் நடுவில். கை ஆடியது. யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அக்காவின் உள்ளங்கையில் தோட்டாவை வைத்தார்.

வெடித்தது. கொக்குகள் மொத்தமாக எழுந்தன.

மறுநாள்

காலையில் என்னைக் கண்டதும் நைனா எழுந்து திண்ணைக்குப் போனார். கோபமா? வெட்கமா? மத்தியானம் நெருங்கி வந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதைத் தொட்டார். போய்விட்டார்.

20 அக்டோபர் 1968

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். சப் இன்ஸ்பெக்டர்: "பூனை வாங்கிட்டீங்களா?"

அக்கா பெயரில் புதிதாக எழுதிக்கொடுத்தோம். நைனா கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது. நடுக்கத்தால் மட்டுமல்ல.

3 மார்ச் 1969

சேக்காட்டில் அக்காவை விசாரித்தார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, "வருசத்துக்கு ஒருவாட்டி சுடணும் சார், அம்மன் காத்துகினு இருப்பா," என்றிருக்கிறாள். எலி, பன்றி ஒன்றும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் ரகுநாதன் மாமா சொல்கிறார்: "இனிமே ஊட்ல நான் எதுத்துப் பேச முடியுமா, மச்சான்?"

பேசியதாக எனக்கு நினைவில்லை.

18 ஜனவரி 1970

லைசென்ஸ் வந்துவிட்டது. இன்று எடுத்துப் போனாள்.

நைனாவே கோரைப்பாயில் சுற்றிக் கட்டினார். முடிச்சு நழுவ நழுவ, யாரையும் தொடவிடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். கண்டக்டர் பாய்ச் சுருளைத் தட்டிப் பார்த்து, "இன்னாம்மா, தம்பூராவா?" என்றார்.

"ஆமா. ஒரே சுருதிதான்."

பஸ் திரும்பும்வரை நின்றோம். வீட்டுக்கு வந்தால் சுவரில் இரண்டு ஆணி. அம்மா அதில் என் சட்டையை மாட்டினாள்.

"அது எந்த ஊட்டு சாமான் இப்ப?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நைனா தானாகவே சொன்னார்: "எண்ணெ போடற ஊட்ல கீது."

விஜயதசமி, 1972

நைனா எழுந்து நடப்பதில்லை. நான் கரைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தேன். அக்கா காலையிலேயே துப்பாக்கியைப் பாயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கூட அவள் மகள் கஸ்தூரி, எண்ணெய்க் கிண்ணத்தோடு.

மேளம் கேட்டது. நின்றது. வெடிக்கவில்லை.

எனக்குத்தான் பதற்றம். எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"உட்காருடா," என்றார் நைனா, கண்ணைத் திறக்காமல். "உள்ள பாத்துகினு இருப்பா."

உட்கார்ந்தேன்.

வெடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவர் கை போர்வையின் மேல் ஆடிக்கொண்டே இருந்தது.

"கஞ்சி கொண்டா," என்றார்.