அம்மா, நாளைக்கு எனக்கு ஊசி

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். இது என் அம்மாவுக்கு.

என் தங்க அம்மா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். நாளை பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள். உன்னைக் கொண்டுபோன கருப்பைவாய்ப் புற்றுநோய் எங்களுக்கு வராமல் இருக்க. படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பா இன்னும் போடவில்லை.

சாயங்காலம் சுருளிப்பட்டி அத்தை வந்து சத்தம் போட்டார். "ஏலே, கொமரிப் புள்ளைக்கு எதுக்குடா ஊசி? நாளைக்குக் கொழந்த தங்காமப் போனா நீயா பதில் சொல்லுவ?"

"எனக்கு என்னக்கா வெளங்குது? இவ ஆத்தா இருந்தா அவளே பாத்துக்கிருவா" என்றார் அப்பா.

ஆனால் காலையில் பள்ளிக்கு வந்த நர்ஸ் அக்கா, பின்னால் குழந்தை பிறக்க இதனால் ஒரு கெடுதலும் வராது என்றார். வலிக்குமா என்று கேட்டோம். "தோடு கெடைக்கும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காது குத்துனவளுகதானே? இதுக்கு மட்டும் என்னத்தா நடுக்கம்?"

ஊசிக்குள் உயிருள்ள கிருமி இல்லையாம். அதன் மேலோடு மாதிரி ஒரு வெற்றுக்கூடுதான். நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். அந்தக் கூட்டுக்குப் பொருந்துகிற செல் மட்டும் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கும். நிஜக் கிருமி வந்தால் எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய விடாது. ஏலச் செடியில் அத்தனை காய்க்கு நடுவே விளைந்ததை மட்டும் உன் விரல் தொட்டெடுக்குமே, அதுதான் ஞாபகம் வந்தது.

"எங்கம்மாவுக்கு ஏன் போடல?" என்று கேட்டேன்.

"அவக சின்னப் புள்ளையா இருக்கயில இந்த ஊசியே இங்கன வரலத்தா."

நான் பிறந்தபோது என் ரத்தத்தில் உன் எதிர்ப்பொருள்கள் இருந்தனவாம். சில மாதங்களில் அவை தீர்ந்துபோகும். பிறகு பிள்ளையின் உடம்பே செய்துகொள்ள வேண்டும். உன் பெட்டியில் என் தடுப்பூசி அட்டையைப் பார்த்தேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஒவ்வொரு தடவையும் வேலைக்கு ஏற்றிப்போகும் ஏலத்தோட்டத்து ஜீப்பை விட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாய். நன்றி அம்மா. இதை நீ இருக்கும்போது நான் சொன்னதே இல்லை.

உனக்காக மட்டும் ஏன் ஒரு நாள்கூட ஜீப்பை விடவில்லை?

உனக்கு ரத்தம் போனது எனக்குத் தெரியும். துணியை அலசியது நான்தானே. "அப்பாகிட்டச் சொல்லிராத பாப்பா, பயந்துருவாக" என்றாய். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அன்றே சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயோ என்றுதான் எனக்கு ராத்திரியெல்லாம் பயம்.

சற்றுமுன் அப்பாவின் கையெழுத்தை நானே போடப் பார்த்தேன். முதல் எழுத்தோடு கை நின்றுவிட்டது. மறுபடியும் மறைக்கிறேனே அம்மா.

இனி மறைக்க மாட்டேன். உன்மேல் சத்தியம். நாளைக் காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும்

கதவைத் தட்டுகிறார்கள். "பாப்பா, இன்னும் தூங்கலையா?" அப்பாதான்.

படிவம் கையில்தான் இருக்கிறது. திறக்கிறேன் அம்மா.

உன் மகள்