வேலியில் விட்ட வழி

முரசுமோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகள் கஜேந்தினிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், நீயும் ரொறன்ரோக் குளிரில் தலைக்குத் தொப்பி போட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாய் இருக்கவேண்டும். வீட்டில் போன் இருக்க அம்மா ஏன் கடதாசியில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். நீ போன் எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். அவர் கேட்கக்கூடாத கதை இது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வயலில் நின்ற நேரம் நீ சொன்னதை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. "ஊருக்குத் திரும்பி வருவன் எண்டது எம்பிஏ அப்ளிகேஷன் கட்டுரைக்காக எழுதினதம்மா, எல்லாரும் உப்பிடித்தான் எழுதுறவை, படிச்சு முடிய நான் இங்கதான் வேலை எடுப்பன், அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாய். பிள்ளை, நீ சொன்னது பிந்திவிட்டது. நெல் அவிக்கும் விபரம் சரியா என்று பார்க்கச் சொல்லி அந்தக் கட்டுரையை உன் மச்சான் விஜிதரனுக்கு அனுப்பினாய் அல்லவா, அவன் அப்போதே அதை முற்றத்தில் வைத்து அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான். நெல் அவிக்க வந்த பக்கத்து வீட்டு ராஜினியும் நின்றாள். படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி வந்து ரோட்டுக்கரைக் காணியில் புழுக்கலரிசி ஆலை தொடங்குவேன், ராஜினியைக் கூலிக்கு அல்ல, பங்காளியாகச் சேர்ப்பேன் என்று பெயரும் ஊரும் போட்டு எழுதியிருக்கிறாய். அப்பா அதை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. சாத்திரியாரைக் கூட்டிவந்து ஆலை எழும்ப நிலையம் பார்த்து, மூலைக்கு மூலை கட்டை அடித்து, நல்ல நாளில் தேங்காய் உடைத்து முதல் கல்லும் வைத்துவிட்டார். லொறி உள்ளே வர வழி வேண்டுமென்று வேலியையும் பிரித்துவிட்டார். நீ வரும்போது பார்க்கட்டும் என்று போனில் உனக்குச் சொல்லவும் விடவில்லை. இன்னும் ஒரு லொறியும் வரவில்லை, ஊர் மாடுகள்தான் வருகின்றன, என் மிளகாய்க் கன்றெல்லாம் போய்விட்டது. நான் திட்டினால் சிரிக்கிறார். எனக்கு வருகிற கோபத்தை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

வேலியைத் திரும்ப அடைக்கலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் ராஜினிக்கு வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் கொடுக்கிறார்கள், திங்கட்கிழமை போய் நிற்கவேண்டும். பிள்ளைகள் இரண்டையும் தாயோடு விட்டுப் போவதாகத்தான் இருந்தாள். நேற்று வந்து "நான் போகேல்லை மாமி, தங்கச்சி என்ர பேரைப் போட்டெல்லே எழுதியிருக்கிறா" என்கிறாள். நான் குசினிக்குள் போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதிக்கொண்டு நின்றேன்.

பிள்ளை, உன் கட்டுரையை நானும் விஜிதரனைக் கொண்டு திரும்ப வாசிப்பித்தேன். மாரி மழையில் அவித்த நெல் காயாமல் மணம் பிடித்துப் போவதை, நாங்கள் நெல் பரப்பிய படங்கை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கும் விறாந்தைக்கும் ஓடுவதை, உமியை எரித்த சூட்டில் அறைக்குள்ளேயே காயவைக்கலாம் என்பதையெல்லாம் எழுதியிருக்கிறாய். இடம் கிடைப்பதற்காகச் சும்மா எழுதுகிறவளுக்கு இவ்வளவு யோசனை எதற்கு? கட்டுரையில் எழுதியது பொய்யா, ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பயத்தில் சொன்னது பொய்யா என்று எனக்கு விளங்கவில்லை. வா என்று நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன். அங்கேதான் இருக்கப்போகிறாய் என்றால் நன்றாக இரு, எனக்குக் குறையில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை, அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை என்றால் அது என்ன நியாயம்? நானும் உன்னை நம்பி, ஆலையில் நெல் அவிக்கிற பக்கத்துக்கு நிழல் வேண்டுமென்று ஒரு வேப்பங்கன்று நட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

நேர்முகம் அடுத்த கிழமை என்றாய். ஏன் சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்படுகிறாய் என்று அவர்கள் கேட்பார்கள், அதற்கு நீ கண்ணாடிக்கு முன்னால் நின்று பதில் பழகியிருப்பாய். அப்பா ஏன் என்று கேட்கமாட்டார், எப்போது என்றுதான் கேட்பார். முதலில் அதற்குப் பதில் யோசி. சனிக்கிழமை பின்னேரம் நீயே அவருக்குப் போன் எடு, ராஜினியையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்கச் சொல். வருவாய் என்றால் எந்த வருடம் என்று சொல், வரமாட்டாய் என்றால் அதையும் உன் வாயால் சொல், அவள் திங்கட்கிழமை பஸ் ஏறட்டும். நான் அந்த நேரம் கோயிலுக்குப் போய்விடுவேன், நடுவில் நின்று உனக்காகக் கதைக்கமாட்டேன்.

உனக்கு இடம் கிடைக்கவேண்டுமென்று வெள்ளிக்கிழமை அருச்சனை செய்கிறேன், அதில் மாற்றமில்லை. நீ எங்கே இருந்தாலும் பிள்ளையார் உன்னோடு நிற்கட்டும். ஈரத் தலையோடு படுக்காதே. சனிக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
சிவரூபி.

பி.கு: எழுதிக்கொண்டிருக்க அப்பா வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மகளுக்கு மீன்குழம்பு வைக்கிற விதம் என்றேன். "இஞ்சேர், வேலிக்குள்ளால மாடு பூருற கதையை அதில எழுதிப்போடாதை, பிள்ளை அங்க இருந்து கவலைப்படும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.