வேடியப்பனுக்கு நீலப் பெயிண்ட்

மொரப்பூர்
18-1-1978

என் மொட்டையனுக்கு அம்மா காசியம்மாள் எழுதுவது.

உன் கடிதாசி வந்தது. நான் மூன்றாவது வரைக்கும் போனவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். கூட்டிப் படித்துக்கொள்.

நீ வேலை பார்க்கிற டெலிவிஷன் சரித்திரத் தொடருக்கு நம்ம வேடியப்பன் கல்லைப் படம் பிடிக்க வருகிறீர்கள் என்று எழுதினாயே, அதிலிருந்து ஊரில் அதுதான் பேச்சு. இரண்டு வருஷமாக வாராவாரம் ஓடுகிறது, கோட்டை, கோயில், ராசாக்கள் கதை எல்லாம் காட்டியாயிற்று என்கிறாய். இங்கே அந்தப் பெட்டியை யார் கண்டது? பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் கேட்கிறாள், "உம்மவன் மூஞ்சி அதுல தெரியுமாக்கா?" மைக் பிடிக்கிறவன் படத்தில் வரக்கூடாதாம் என்றேன். "அப்ப அதுக்கு மெட்ராசு எதுக்குப் போனான்? மைக்கு நம்மூரு கூத்துல இல்லியா?" என்கிறாள். அவள் வாய் உனக்குத் தெரியாததா.

மாடு ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரன் கல், அதில் ஆயிரம் வருஷத்து எழுத்து இருக்கிறது, இதுவரை யாரும் படித்ததில்லை என்று, தொடரை எடுக்கிற வெங்கடாசலம் சாரிடம் நீயே சொல்லிக் கூட்டி வருகிறாய். எனக்குப் பெருமைதான். உங்களுக்கு அது கல், எனக்கு அது சாமி. உங்கப்பா போனபிறகு என் பேச்சையெல்லாம் கேட்டது அதுதான். நம்ம சாமியை மெட்ராஸ் முழுக்கப் பார்க்கப்போகிறது என்று நாங்களும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம். என்னவென்று சொல்ல மாட்டேன். வந்து பார்.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்குகிறேன். சாருக்குக் களி இறங்காதென்றால் சோறும் வடிக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்
அம்மா


சென்னை
2-2-1978

அம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம்.

நீ செய்தது என்னவென்று உனக்கு இன்னும் விளங்கியிருக்காது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்தது போக மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்து, ஆயிரம் வருஷத்துக் கல்லில் அடித்து வைத்திருக்கிறாய். கண்ணுக்கு வெள்ளை, மீசைக்குக் கறுப்பு வேறு. எழுத்துக் குழியெல்லாம் பெயிண்டால் அடைத்துப்போயிற்று. கல்வெட்டு படிக்க எங்களோடு வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் குனிவதுமாக இருந்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை. நோட்டை மூடிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஆபீசில் எனக்கு இப்போது 'பெயிண்டர்' என்று பேர். "என்ன பெயிண்டர், உங்க ஊர்ல சாமிக்குக் கொம்பு மொளச்சாச்சா?" என்று கேண்டீனில் கேட்கிறார்கள். இந்தத் தொடரால் வேலை நிரந்தரமாகும் என்று நம்பியிருந்தேன். சார் உன்னிடம் பேசி எடுத்ததைக் காட்ட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். காட்டாமல் இருந்தால் எனக்கு மானம் மிஞ்சும்.

சாப்பிடாமல் வண்டி ஏறியதற்குக் காரணம் கேட்டு எழுத வேண்டாம்.

மாயவன்


மொரப்பூர்
11-2-1978

மொட்டையா,

எப்போதும் 'அன்புள்ள' என்று போடுவாய். இந்தத் தடவை போடவில்லை, பார்த்தேன்.

நான் என்னத்தைக் கண்டேன்? பெண் பார்க்க ஆள் வந்தால் பெண்ணுக்குப் பவுடர் பூசி உட்கார வைப்பதில்லையா? சாமி எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கிறதே, மாயவன் ஊரில் சாமியை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் பெயிண்டைத் தொட்டேன். எனக்கும் கோபம் உண்டு. 'கல்லைத் தொடாதே' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் மீறுவேனா? எழுத்து இருக்கிறது என்று எழுதினாய். அது எதனால் கெடும் என்று எழுதினாயா? படித்தவன் நீ.

நேற்று நானும் குள்ளம்மாளும் மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தோம். நீலம் விட்டுவிட்டது. ஓரத்தில் கோடு கோடாக என்னமோ தெரிகிறது. மீசைதான் போகமாட்டேன் என்கிறது. "வுடுக்கா, ஆம்பளைக்கி மீசை இருந்துட்டுப் போவுது" என்கிறாள். அந்தக் கண்ணாடிக்காரரை இன்னொரு தரம் கூட்டி வா. அவர் காலில் விழவேண்டுமென்றாலும் விழுகிறேன்.

கோபத்தைச் சோற்றின்மேல் காட்டாதே சாமி. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை. கோபம் தீர்ந்தது என்று எழுத வேண்டாம், உடம்பு நன்றாயிருக்கிறது என்று மட்டும் எழுது. அது போதும்.

அம்மா


மொரப்பூர்
7-5-1978

மொட்டையா,

இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நீ கோபத்தில்தான் எழுதவில்லை என்று நினைத்து, நானும் வீம்பாக இருந்துவிட்டேன். மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று சார் தந்தி கொடுத்துத்தான் தெரிந்தது. நான் வந்தபோது உனக்கு நினைவில்லை. கண் திறக்காமலே போய்விட்டாய். உன்னோடு தங்கியிருந்த பையன்களிடம் என்னைக் கேட்டானா என்றேன். "காய்ச்சல்ல ஒண்ணும் பேசலீங்கம்மா" என்றார்கள். அம்மாமேல் கோபத்தோடே போய்விட்டான் என்று அன்றிலிருந்து நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேடியப்பனுக்கு விளக்குப் போடக்கூட நான் போகவில்லை.

போன வாரம் சார் கடிதாசி போட்டிருந்தார். நம்ம ஊர்க் கல் டெலிவிஷனில் வருகிறது, மெட்ராசில் தம் வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று. எனக்கு மனசில்லை. குள்ளம்மாள்தான் இழுத்துக்கொண்டு போய் ரயில் ஏற்றி, கூடவே வந்தாள். "அவன் ஒழைச்சது, நீ பாக்காம யாரு பாக்கறது?" என்றாள்.

சார் சம்சாரம் எங்களை விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, பெட்டியைப் போட்டுவிட்டது. முதலில் எங்கெங்கோ காட்டில் நிற்கிற கல்லெல்லாம் வந்தது. அப்புறம் நம்ம வேடியப்பன். பெட்டியில் நீலம் தெரியவில்லை, எல்லாம் சாம்பல் நிறம்தான். மீசை மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடுத்தது நான். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறேன்.

சார் கேட்கிறார், "இந்தப் பெயிண்ட் யாரும்மா அடிச்சது?"

"நாந்தானுங்க. எம்மவன் கூட்டியார்ற ஆளுங்க முன்னால சாமி அழுக்கா நிக்கலாமுங்களா?"

"எங்க வாங்கினீங்க பெயிண்டு?"

"வாங்கலீங்க. மாட்டுக்கொம்புக்கு அடிச்சதுல மிச்சம். நல்ல பெயிண்டுங்க, மழைக்குப் போவாது."

அப்போது ஒரு சிரிப்பு. பெட்டிக்குள்ளே இருந்து, காதுக்குப் பக்கத்தில், சின்ன வயசில் கூச்சங்காட்டினால் சிரிப்பாயே அதுபோல. எழுந்து திரும்பிப் பார்த்தேன் மொட்டையா. கதவுப் பக்கம் பார்த்தேன். குள்ளம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சார்தான் சொன்னார். மைக் உன் கையில் இருந்ததாம், அதனால்தான் உன் சத்தம் முன்னால் வந்து விழுந்ததாம். சரித்திரத் தொடரில் மைக் பிடிக்கிறவன் சிரிப்பு எதற்கு, வெட்டிவிடு என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்களாம். "நான் வெட்டலம்மா. அது இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

படம் பிடித்த அன்றைக்கு அந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன், உன் பக்கம் திரும்பவில்லை. நீ சிரித்தது என் காதில் விழவே இல்லை. பிற்பாடு வண்டி ஏறும்போது நீ தலையைக் குனிந்துகொண்டு போனதைத்தான் பார்த்தேன். "அக்கா, அது ஆசைச் சிரிப்பு, எனக்குத் தெரியாதா" என்று வழியெல்லாம் குள்ளம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஆறுதலுக்கு அவள் எதையும் சொல்லுவாள்.

இப்படி ஒருத்திக்கா பிறந்தோம் என்று வெட்கப்பட்டுச் சிரித்தாயா, இல்லை, எங்கம்மா இப்படித்தான் என்று ஆசையாய்ச் சிரித்தாயா, மொட்டையா?