நெட்டையனின் ஆணி

ஜனவரி 18

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு,

இங்கே சந்தைச் சுமைக்காரர்களை வேலை வாங்கும் மேஸ்திரி இன்று காலை இறந்துவிட்டார். வார்டு நர்ஸ் சொன்னார். காவல் நிலைய எழுத்தர் உறுதிப்படுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிபட்டவர் அவர். வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்கு முன் நானே எழுதுகிறேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நம் ஊர் ஆற்றுநீர் வழக்கைப் பற்றி எழுத என்னை இந்தப் பெரிய நகரத்துக்கு அனுப்பிய பத்திரிகை கொடுக்கும் சாப்பாட்டுப் படி, குருவிக்குத்தான் போதும். விடுதிச் சமையல்காரியான நீ, நான் வண்டி ஏறும்போது சொன்னாய்: "பலகை மின்னுற கடைக்குள்ள போகாதண்ணா. மூட்டை தூக்குறவங்க எங்க கை கழுவுறாங்கன்னு பாரு. அங்க சாப்பிடு."

அப்படியே செய்தேன். மொத்தச் சந்தைக்குப் பின்னால் சுமைக்காரர்களின் சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. சந்தையில் மிஞ்சும் கீரையும் காயும் நேராக அடுப்புக்கு வருகின்றன. மதியம் அங்கே வயிறாரச் சாப்பிட்டால், இரவுக்குக் கடை கட்டும் நேரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் பழம் போதும். ஒரே வாரத்தில் என் கன்னம் உப்பிவிட்டது.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கியோடு யாரும் பந்தியில் உட்காரக் கூடாது. வாசல் சுவரில் வரிசையாக ஆணிகள். கொக்கியை மாட்டிவிட்டுத்தான் தட்டு எடுக்க வேண்டும். நேற்று நானும் என் பையைக் காலியாக இருந்த ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

நெட்டையன் என்று எல்லாரும் கூப்பிடும் சுமைக்காரன் தாமதமாக வந்து என் எதிரே உட்கார்ந்தான். பின்னாலேயே மேஸ்திரி வந்தார். "மூட்டையக் கிழிச்சுட்டு இங்க உக்காந்து திங்கிறியா?" என்று அவன் தட்டைத் தட்டிவிட்டார். கொதிக்கும் பருப்பு வாளியைத் தூக்கி அவன் முதுகில் கவிழ்த்தார். நெட்டையன் திரும்பியபோது இடுப்பிலிருந்த கொக்கி கைக்கு வந்திருந்தது. அது மேஸ்திரியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. இழுத்தான், வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தான். என் சோற்றிலும் ரத்தம் விழுந்தது.

கூடத்துக்குப் போலீஸ் பூட்டுப் போட்டிருக்கிறது. என்ன குற்றம் சுமத்துவார்கள் என்பது இந்த வாரக் கடைசியில் தெரியும்.

உன் அண்ணன்

---

ஜனவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடத்தானே சொன்னேன், சாட்சிக்கு உட்காரவா சொன்னேன்? கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கி அறையிலேயே சாப்பிடு. முட்டைக்கு யாரும் கொக்கி எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அரவை மில்லில் என் வீட்டுக்காரரைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றவனுக்காக ஒருவன் கூண்டில் ஏறி, "அவன் வேணும்னு செய்யலைங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் தண்டனை பாதியாகக் குறைந்தது. கொன்றவன் இப்போது சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். நேற்று மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றான். பிடரியில் புதிதாக முடி வெட்டியிருந்தான். நான் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மேஸ்திரி வீட்டிலும் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள். கொக்கியோடு வந்தான், கொன்றான் என்று சொல். சொல்லிவிட்டு வண்டி ஏறு.

உன் தங்கை

---

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

என் கீழ்வரிசைப் பற்களில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது நிற்குமா என்பது சந்தேகம் என்கிறார் பல் மருத்துவர். அடித்தது மேஸ்திரியின் மச்சான். காரணத்தை முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

சாப்பாட்டுக்கூடத்துச் சமையல்காரம்மா போன வாரம் என்னைச் சந்தைக்குள் ஓரமாகக் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு ஆணிங்க. ஒருத்தர் ஆணியில இன்னொருத்தர் மாட்ட மாட்டாங்க. நெட்டையனோட ஆணியில அன்னிக்கு உங்க பை தொங்குச்சு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நாளைக்கும் அந்த மேஸ்திரி ஆளுங்களுக்குத்தான் நான் ஆக்கிப் போடணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெட்டையன் உள்ளே வரும்போது வாசலில் நின்று ஒரு பையைக் கையில் எடுத்தான். தரையைப் பார்த்தான். "யாரோ பெரியவர் பை. தரை ஈரமா கெடக்கு, இருக்கட்டும்" என்று பழையபடி மாட்டினான். கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டான். இதைக் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். என் பையைப் பற்றித்தான் பேசுகிறான் என்று தெரியாமல் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தேன். முப்பது வருஷமாக ஊரையே கேள்வி கேட்டவன், இந்த ஆணி யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திட்டமிட்ட கொலை என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்கு அவர்களிடம் உள்ள ஒரே ஆதாரம், கட்டுப்பாட்டை மீறிக் கொக்கியோடு உள்ளே வந்தான் என்பது. அது நின்றால் தூக்கு, நிற்காவிட்டால் சிறை. நான் நிலையத்துக்குப் போய் ஆணியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் மச்சான் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். முகத்தைச் சுவரில் மோதினான்; விழுந்தபின் உதைத்தான். "பத்திரிகைக்காரா, ஆணியப் பத்தி இன்னொரு தடவ வாயத் தொறந்தா, அதே ஆணியில உன்னத் தொங்க விடுவேன்" என்றான். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

இப்போது கஞ்சியும் மசித்த பழமும்தான். செலவு இன்னும் குறைந்துவிட்டது என்று பத்திரிகைக்குத் தெரிந்தால் படியையும் குறைப்பார்கள். விசாரணை ஆகஸ்டில். கூண்டில் ஏறி ஆணியைப் பற்றிச் சொல்லப் போகிறேன்; அதற்குமுன் உன் பதில் வேண்டும்.

உன் அண்ணன்

---

பிப்ரவரி 11

அண்ணா,

உன்னை அடித்தவன் கை விளங்காமல் போகட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மில் வழக்கில் சாட்சி சொன்னவனும் நல்லவன்தான், பார்த்ததைத்தான் சொன்னான் என்று ஊரே சொன்னது. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக் கதவில் கல் எறிந்தது யார்? நான் கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், கதவு பிளக்கும்வரை எறிந்தது யார்? நீதான்.

அன்று எனக்காகக் கல் எடுத்தவன் இன்று எவனுக்காகவோ கூண்டில் ஏறப் போகிறாய். அந்த மேஸ்திரி வீட்டுப் பெண்பிள்ளை உன்னை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். மில் வழக்குச் சாட்சியை நான் பார்த்த பார்வைதான்.

ஏறினால், அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே.

கஞ்சியில் ஒரு பிடி பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவை. வெறும் கஞ்சி உடம்பில் ஒட்டாது.

தங்கை

---

ஆகஸ்ட் 14

அன்புள்ள தங்கைக்கு,

இன்று முற்பகல் சாட்சி சொன்னேன். இதற்கு ஆதாரம் நானே.

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இடையில் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதையாவது பிரித்துப் படிப்பாய் என்று நினைக்கிறேன்.

"கொக்கி இறங்கினத பாத்தீங்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். பார்த்தேன் என்றேன். "ரெண்டு தடவ இழுத்தானா?" ஆமாம், காலை ஊன்றி இழுத்தான் என்றேன். அதில் ஓர் எழுத்தும் குறைக்கவில்லை. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் ஆணியைப் பற்றிக் கேட்டார். அதிலும் குறைக்கவில்லை. "யாரோ பெரியவர் பை, இருக்கட்டும்" என்று நான் சொன்னபோது நெட்டையன் தலை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பெரியவர் யார் என்று அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

மேஸ்திரியின் மனைவி முன்வரிசையில் இருந்தாள். தாழ்வாரத்தில் என்னை வழிமறித்து, செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். காவலர் வந்து பிடிக்கும்வரை நான் நகரவில்லை. "உன் வீட்டுல ஒருத்தன் இப்படிச் செத்திருந்தா சொல்லுவியாடா?" என்றாள். "செத்திருக்கார்மா" என்றேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. பார்வை நீ எழுதியபடியேதான் இருந்தது.

கல் எறிந்தது நான்தான். நீ எழுதியது சரி.

மதியம், பூட்டுத் திறந்துவிட்ட அந்தக் கூடத்துக்குப் போனேன். என் மேசையில் யாரும் உட்காரவில்லை. சமையல்காரம்மா தட்டை வைத்துவிட்டுப் போனார்; பருப்பைக் குழைய வேகவைத்திருந்தார், என் பல்லுக்காக. பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நெட்டையனின் ஆணி காலியாக இருக்கிறது.

தீர்ப்பு 29ஆம் தேதி என்று நீதிமன்ற எழுத்தர் சொல்கிறார். அதுவரை இதே விடுதியில்தான் இருப்பேன். தபால்காரர் மதியத்துக்குமேல் வருகிறார். உன் பதில் எந்தத் தேதிக்கு என்று சொல்ல இங்கே எழுத்தர் யாரும் இல்லை.

உன் அண்ணன்